பீப்பாயில் நட்ட பந்தக்கால்

ஆண்டர்சன்பேட்டை
1906, மாசி மாதம் 7

என் அண்ணா சம்பங்கிக்கு,

தங்கை கங்கம்மா நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரராகிய உங்கள் மாப்பிள்ளை, மகள் வெங்கடம்மா எல்லாரும் சுகம். நம்முடைய வழக்கும் சுகம். கோலார் கோர்ட்டில் நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பெங்களூரில் நீங்கள் போட்ட அப்பீல் தீர்ந்த பிறகுதான் அதை எழுப்புவார்களாம். அண்ணி பாப்பம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

உங்கள் குரலைக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. எதிராளியிடம் பேசக்கூடாது என்று உங்கள் வக்கீல் உங்களுக்குச் சொன்னாராம். எங்கள் வக்கீலும் எங்களுக்கு அதையே சொன்னார். யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் பேசக்கூடாது என்றுதான் சொன்னார்கள், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. என்னைப் பாதிரியம்மா பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்றது நீங்கள். அந்தப் படிப்பு இப்போது உங்கள் தலையிலேயே விடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். காய்கறி வண்டி ஏசுபாதம் பேத்தமங்களாவுக்கு வருவதால் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நல்ல சேதி. வெங்கடம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் பெயர் வாசு. தங்கச் சுரங்கத்தில் மின்சாரக் கம்பி இழுக்கிற வேலை, வீடு ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில். சாது. நம் பெண் பேசினால் அவன் கேட்டுக்கொண்டிருப்பான், ஆகவே பொருத்தம்தான். வைகாசியில் முகூர்த்தம்.

இப்போது வருத்தமான சேதி. பந்தல் எங்கே போடுவது? எங்கள் வாசலில் தெரு இருக்கிறது, தெருவில் வண்டி இருக்கிறது. இருக்கிற ஒரே இடம் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனை. அந்த மனையைத்தான் அப்பா என் பெயருக்கு எழுதினார், அந்த எழுத்து செல்லாது என்றுதான் நீங்கள் அப்பீல் போயிருக்கிறீர்கள். அங்கே உங்கள் மாப்பிள்ளை மாட்டுக்கொட்டகை போட்டதற்காகத்தான் இரண்டாவது வழக்கு, இப்போது தூங்குகிறதே அது. அது தூங்குகிறவரைக்கும் அந்த மனையில் இரண்டு தரப்பும் குழி தோண்டக் கூடாது, எதையும் கட்டக் கூடாது, நடக் கூடாது, இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் ஆர்டர் போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மாடு மட்டும் கையெழுத்துப் போடாததால் போன மாதம் கன்று ஈன்றது.

அண்ணா, இந்த ஊரில் பூமிக்குள் மைல் கணக்கில் தோண்டுகிறார்கள். நமக்கு ஒரு முழக் குழி தோண்ட வழியில்லை. நீங்கள் சம்மதம் என்று வக்கீலிடம் ஒரு வார்த்தை சொன்னால் பந்தக்கால் நட்டுவிடலாம்.

வார்த்தை மட்டும் போதாது. அந்தக் காலை நடவேண்டியதே நீங்கள்தான். தாய்மாமன் கைபடாத பந்தக்கால் நம் ஜனத்தில் உண்டா? "மாமா வராட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்மா" என்று வெங்கடம்மா ராகம் போடுகிறாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

தங்கை கங்கம்மா
(முதல் பிரதிவாதி)


பேத்தமங்களா
மாசி மாதம் 16

சௌபாக்கியவதி கங்கம்மாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கத்தரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் என்றதும் உன் அண்ணி உடனே பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றினாள், முழங்கால் வலியை மறந்துபோய். நான் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு வழக்கு இருக்கிறது.

வக்கீலைக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அவள் மனை என்று நினைத்து நீ போய்க் கால் நட்டால், மனை அவளுடையது என்று நீயே ஒப்புக்கொண்டதாக ஆகும், அப்பீலே ஆட்டம் கண்டுவிடும் என்கிறார். ஆகவே சம்மதம் கொடுக்க முடியாது. வேண்டுமானால் இங்கே என் கழனியில் பந்தல் போடு. ஏரிக்கரைக் காற்று வரும். சாப்பாடு என் பொறுப்பு.

நான் மண் ஆசை பிடித்தவன் என்று உன் வீட்டுக்காரர் கடைத்தெருவில் சொன்னாராம். சொல்லட்டும். நீ ஒன்று தெரிந்துகொள். அப்பா காலமான பிறகு, அவர் அந்த மனையை உனக்கு எழுதினதை எனக்கு யார் சொன்னது தெரியுமா? ஏசுபாதம். "இன்னாண்ணா, தங்கச்சிக்கு மனை எழுதிட்டாராமே பெரியவரு" என்று கத்தரிக்காய் நிறுக்கும்போது சொன்னான். என் தங்கைக்கு என் அப்பா மனை கொடுத்த சேதி எனக்குக் கத்தரிக்காயோடு வருகிறது. இவனிடம் சொன்னால் தகராறு பண்ணுவான் என்று நினைத்து எல்லாரும் மறைத்தீர்களே, அதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை.

வெங்கடம்மாவுக்குக் கரும்பு அனுப்பியிருக்கிறேன். கரும்பு வழக்கில் சேராது.

சம்பங்கி
(வாதி)


ஆண்டர்சன்பேட்டை
பங்குனி மாதம் 2

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

கரும்பு தின்று நாக்கு வெந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் உங்கள் மருமகள். கத்தரிக்காய் விஷயம் இரண்டு தடவை படித்தேன். பதில் இருக்கிறது, ஆனால் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாதாம். தூங்குகிறதைத் தட்டி எழுப்பின பாவம் எனக்கு வேண்டாம்.

பேத்தமங்களாவில் பந்தல் போட முடியாது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஷிப்ட் இருக்கிறது. முகூர்த்தம் முடிந்த கையோடு பாதிப் பேர் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியவர்கள். சுரங்கத்துச் சங்கு ஊதுகிற சத்தம் கேட்கிற தூரத்தில்தான் கல்யாணம் நடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நேற்று சாதம் வடிக்கும்போது வந்தது, கஞ்சியைக்கூடக் கவனிக்கவில்லை. குழி தோண்டக் கூடாது என்றுதானே ஆர்டர்? தோண்ட வேண்டாம். சுரங்கத்துக்குச் சீமையிலிருந்து சிமெண்ட் வருகிற மரப் பீப்பாய் ஒன்றை உங்கள் மாப்பிள்ளை வாங்கி வைத்திருக்கிறார். அதில் மண்ணை ரொப்பி மனையில் வைப்போம். பந்தக்காலைப் பீப்பாய் மண்ணில் நடுவோம். மற்ற கம்பங்களுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துக் கட்டிக்கொள்ளலாம். மனையில் ஒரு பிடி மண் அசையாது. கல்யாணம் முடிந்தால் பீப்பாயை உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

எங்கள் வக்கீலிடம் இதைச் சொல்லப் போனார் இவர். வக்கீல் கேட்டுக்கொண்டே பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "உங்க வீட்டம்மாவை வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும்" என்றாராம். பீப்பாய் கட்டடமும் இல்லை, குழியும் இல்லை, ஆட்சேபணை இல்லை என்கிறார். உங்கள் வக்கீலையும் கேட்டு எழுதுங்கள்.

வரமாட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அப்பா இருந்திருந்தால் உங்களைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பார். அவர் இல்லாததால் நான் கடிதத்தில் இழுக்க வேண்டியிருக்கிறது.

கங்கம்மா
(பிரதிவாதி, பீப்பாயுடன்)


பேத்தமங்களா
பங்குனி மாதம் 20

கங்கம்மாவுக்கு ஆசீர்வாதம்.

வக்கீலைக் கேட்டேன். பீப்பாய் சரி என்கிறார். ஆனால் அவர் பீஸ் வாங்குகிறவர், சும்மா விடுவாரா? புதிதாக ஒரு கேள்வி கண்டுபிடித்தார். பீப்பாய்க்குள் இருக்கிற மண் யாருடைய மண்? உங்கள் வீட்டு மண்ணில் நான் நட்டால், அதுவும் ஒப்புக்கொண்டதுபோல் தோன்றுமாம்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி தட்டை வைத்துவிட்டு, "இதுக்கு இன்னா யோசனை? உங்க கழனி மண்ணையே வண்டில ரொப்பினு போங்க. உங்க மண்ணு, உங்க கொம்பு, உங்க கையி. எந்தக் கோர்ட்டு இன்னா கேக்கும்?" என்றாள். நம் குடும்பத்தில் பெண்களுக்குத்தான் சட்டம் வருகிறது போலிருக்கிறது.

ஆகவே கேள். கழனி வாய்க்கால் ஓரத்து மண் இரண்டு மூட்டை எடுத்து வருகிறேன். பந்தக்காலுக்கு என் கிணற்றடி கல்யாண முருங்கையில் நேரான கிளை ஒன்று பார்த்து வைத்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் வருவேன். உன் வீட்டுக்காரரோடு பேசமாட்டேன். அவரும் என்னோடு பேசவேண்டாம். என் மண்ணில் என் காலை நட்டுவிட்டு, பெண்ணுக்கு மாமன் சீர் செய்துவிட்டு, கிளம்பிவிடுவேன்.

புடவை அரக்கு நிறமா, மாம்பழ நிறமா என்று வெங்கடம்மாவைக் கேட்டு எழுது. சீக்கிரம் எழுது, நெசவுக்காரர் காத்திருக்கிறார்.

சம்பங்கி
(வாதி, மண்ணுடன்)


ஆண்டர்சன்பேட்டை
வைகாசி மாதம் 25

என் அண்ணாவுக்கும் அண்ணிக்கும் அநேக நமஸ்காரம்.

நீங்கள் ஊர்போய்ச் சேர்ந்த சேதி ஏசுபாதம் சொன்னார். வீடு இன்னும் சந்தனமும் வாழை இலையுமாக மணக்கிறது. எனக்கு எதை முதலில் எழுதுவது என்றே தெரியவில்லை.

வந்து நட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று எழுதினவர் நான்கு நாள் தங்கினீர்கள். உங்கள் மாப்பிள்ளையோடு பேசமாட்டேன் என்றவர், பீப்பாய் ஒரு பக்கம் சாய்கிறது என்று அவரும், இல்லை உன் கண்தான் சாய்கிறது என்று நீங்களும், ஊர் கேட்கச் சண்டை போட்டீர்கள். "யோவ் மாப்ள, அந்தக் கல்லை இந்தாண்ட தள்ளு" என்று நீங்கள் கத்தினபோது அவர் முகத்தைப் பார்த்தேன். யாரோ வெல்லக்கட்டியை வாயில் போட்டதுபோல் ஆகிவிட்டார். மாப்ள என்று நீங்கள் கூப்பிட்டு எத்தனை காலம்! அன்று சாயங்காலம் அவர் கொட்டகையில் போய்த் தனியாக மாட்டிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் மஞ்சள் தடவின கொம்பைப் பிடித்து நட்டதும் வெங்கடம்மா காலில் விழுந்தாளே, அப்போது உங்கள் துண்டு கண்ணுக்குப் போனது. வெயில் என்று சொன்னீர்கள். வானம் மூடியிருந்தது அண்ணா. நானும் அழுதேன், எனக்கும் வெயில்தான்.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். ஷிப்டுக்குப் போனவர்கள் வெற்றிலையோடு சுரங்கத்தில் இறங்கி, கீழே லெவல் என்கிற தளத்தில் இருந்தவர்களுக்கும் பங்கு கொடுத்தார்களாம். பூமிக்கு அடியிலும் நம் கல்யாணத்து வெற்றிலை மென்றிருக்கிறார்கள்.

பந்தலைப் பிரித்தாயிற்று. பீப்பாயை உருட்டுகிற வேலை மட்டும் பாக்கி. இவருக்கு இடுப்புப் பிடிப்பு.

கங்கம்மா


பேத்தமங்களா
ஆனி மாதம் 12

கங்கம்மாவுக்கு ஆசீர்வாதம்.

பீப்பாய் சாய்ந்துதான் இருந்தது என்று மாப்பிள்ளைக்குச் சொல். இடுப்புப் பிடிப்புக்கு நொச்சி இலை அனுப்பியிருக்கிறேன்.

நான்கு நாள் தங்கினதை வக்கீலிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. நாம் எல்லாரும் குடிக்கிறது ஒரே ஏரித் தண்ணீர், குழாய் வழியாக உங்களுக்கும் வருகிறது. அதுபோல வந்தேன் போனேன் என்று வைத்துக்கொள். வழக்கு வேறு.

உன் அண்ணி தினமும் கல்யாணக் கதை சொல்கிறாள். கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சம்பங்கி


ஆண்டர்சன்பேட்டை
ஐப்பசி மாதம் 9

அண்ணா,

ஒரு வம்பு நடந்திருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள்.

பந்தக்கால் துளிர்த்துவிட்டது. கல்யாணத்து முளைப்பாலிகை தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் பழக்கத்தில் அதன் அடியில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆடியில் ஒரு முளை, ஆவணியில் இலை, இப்போது என் தோள் தாண்டிக் கிளை. தெருவே வந்து பார்க்கிறது. துளிர்த்த பந்தக்காலைப் பிடுங்கினால் பெண்ணுக்கு ஆகாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் தொடமாட்டேன்.

சரி, பீப்பாயோடு சேர்த்து நகர்த்துவோம் என்று இவரும் வாசுவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். அசையவில்லை. குனிந்து பார்த்தால், பீப்பாய்க்கு அடிப்பலகையே இல்லை! வாங்கும்போதே உளுத்துப்போய் இருந்ததாம். "மேல்பக்கம் நல்லாத்தான இருந்தது" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. அடியில் சாக்கு விரித்துச் சமாளித்திருக்கிறார். சாக்கு மக்கி, வேர் நேராக மனைக்குள் இறங்கிவிட்டது. உங்கள் கழனி மண்ணும் இந்த மண்ணும் ஒன்றாகிப்போய், எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

எங்கள் வக்கீல் வந்து பார்த்துவிட்டு, ஆர்டர் இருக்கும்போது மனையில் மரம் நட்டது பெரிய குற்றம் என்று குதித்தார். பிறகு, "யார் நட்டது?" என்று கேட்டார். வாதி என்று சொன்னேன். அப்படியே உட்கார்ந்து, குலுங்கக் குலுங்கச் சிரித்து, மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இப்போது என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கள்.

கங்கம்மா


பேத்தமங்களா
ஐப்பசி மாதம் 18

கங்கம்மாவுக்கு,

படித்துவிட்டுக் கழனியில் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் கழனிக்காரன் எனக்குப் பேய் பிடித்தது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டான்.

என் வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். எதிராளி ஆர்டரை மீறினால் எழுதித் தாக்கல் செய்யலாமாம், நானே மீறினால் யார்மேல் தாக்கல் செய்வது என்கிறார். என்மேல் நானே வழக்குப் போடட்டுமா என்று கேட்டேன்.

பிடுங்காதே. இரண்டாவது கிளை வந்தால் முதல் கிளையைக் கிள்ளிவிடு. மாட்டை அந்தப் பக்கம் விடாதே, துளிரை மேய்ந்துவிடும். முள்வேலி கட்டு. வேலி கட்டக் கூடாது என்று ஆர்டரில் இருந்தால், நான் கட்டச் சொன்னதாகச் சொல்.

சம்பங்கி
(மரம் நட்டவன்)


ஆண்டர்சன்பேட்டை
1907, ஆனி மாதம் 20

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

பெங்களூர்த் தீர்ப்பு வந்த சேதி எங்கள் வக்கீல் சொன்னார். அப்பா எழுதின பத்திரம் ரிஜிஸ்தர் ஆகாததால் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். அப்பீலில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இனி கோலாரில் தூங்குகிற வழக்கை எழுப்புவார்கள், மனையும் உங்களுக்கு வந்துவிடும்.

நான் அழவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் கோபமில்லை. மாட்டைக் கட்ட வேறு இடம் பார்த்துவிட்டோம். கொட்டகையை இவரே பிரித்துவிடுவார். நீங்கள் ஆள் அனுப்ப வேண்டாம். மரத்தை மட்டும் வெட்டாதீர்கள். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

வழக்கு முடிகிற நேரம் வந்ததால் கத்தரிக்காய்க்குப் பதில் எழுதிவிடுகிறேன். உங்களிடம் மறைக்க அப்பா நினைக்கவே இல்லை. "சம்பங்கி கையால்தான் பத்திரத்தை உனக்குக் குடுக்கச் சொல்லப் போறேன், அவன் அறுப்பு முடிச்சினு வரட்டும், நீ வாயைத் தொறக்காதே" என்றார். அறுப்பு முடிவதற்குள் அவர் போய்விட்டார். நீங்கள் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நீங்கள் நேராக வக்கீலிடம் போய்விட்டீர்கள்.

வெங்கடம்மாவுக்கு ஆவணியில் வளைகாப்பு. வாசலில் நாலு ஓலையைக் கட்டிக்கொள்கிறோம். நீங்களும் அண்ணியும் வரவேண்டும். மனை யாருடையதானாலும் அவள் உங்கள் பெண்.

தங்கை கங்கம்மா


பேத்தமங்களா
ஆடி மாதம் 3

என் தங்கை கங்காவுக்கு,

ஜெயித்தவன் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் உன் பேச்சு எடுபடாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் கையால் கொடுக்கச் சொல்லப் போகிறேன் என்றாராமே. அது தெரியாமல் நான் பெங்களூர்வரை போய், அப்பா எழுதினது செல்லாது என்று வாதாடி ஜெயித்திருக்கிறேன். ஏன் வாதாடினேன் என்று உனக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது. இப்போது சொல்கிறேன். அந்த மனை அப்பா கொடுத்ததாக இருந்தால் நான் கொடுத்ததாக ஆகாது. என் தங்கைக்கு மனை கொடுக்க என்னை ஒருத்தரும் கேட்கவில்லையே என்ற ஆத்திரம்தான் அத்தனையும். மனை என்னுடையதாக ஆனால்தானே நான் கொடுக்க முடியும்?

நேற்று ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனேன். அப்பாவுக்கு விட்டுப்போன வேலையை நான் விடாமல் செய்தேன். எழுதுகிறவர், "யார் பேருக்கு?" என்றார். என் தங்கச்சிக்கு என்றேன். "உறவு கேக்கலைங்க, பேரு சொல்லுங்க" என்றார். கங்கம்மா என்று சத்தமாகச் சொன்னேன். வராந்தாவில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கோலார் வழக்கையும் எழுப்பி, கண்ணைத் திறந்த கையோடு வாபஸ் வாங்கிவிட்டேன். "இன்னாய்யா, ஜெயிச்ச வழக்கைப் போய் விடுறியே!" என்று வக்கீல் அடித்துக்கொண்டார். நான் ஜெயித்ததால்தான் விடுகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, மோர் வாங்கிக் கொடுத்தேன்.

கொட்டகையைப் பிரிக்கவேண்டாம். மாடு எங்கே போகும்? வாசலில் ஓலை கட்டுகிற வேலையும் வேண்டாம். வளைகாப்புக்கு மனையில், மரத்துக்குப் பக்கத்தில் பெரிய பந்தல். முந்தின நாளே வந்துவிடுவோம். பீப்பாய் ஏதாவது வாங்கிவைத்தால் மாப்பிள்ளையை உதைப்பேன் என்று சொல்.

கடப்பாரை கொண்டுவருகிறேன். குழி நான் தோண்டுகிறேன்.

அண்ணன்
சம்பங்கி